சாம்பாரில் கரைந்த உப்பும் சந்தையில் சுற்றும் பணமும்: வெப்ப இயக்கவியல் பொருளாதாரத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

"பணம் என்பது ஒருவகை ஆற்றல்." "சந்தையை அதன் போக்கில் விட்டால் தானே சமநிலைக்கு வந்துவிடும்." "என்ட்ரோபி கூடிக்கொண்டே போகிறது, அதனால் பொருளாதார வளர்ச்சி ஒருநாள் நின்றே தீரும்." இயற்பியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் பேசுகிற இடங்களில் இந்த மூன்றும் அடிக்கடி காதில் விழும். (என்ட்ரோபி என்பது ஆற்றலும் பொருளும் எவ்வளவு பரவிச் சிதறியிருக்கின்றன என்பதன் அளவு, விளக்கம் பின்னால் வரும்.) மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

குழப்பம் வருவதற்குக் காரணம், இரண்டு துறைகளுக்கும் நடுவே மூன்று வெவ்வேறு உறவுகள் இருப்பது. ஒன்று, நேரடி உறவு: ஆலை, லாரி, அடுப்பு, மோட்டார் எல்லாம் பௌதிகப் பொருட்கள். அவற்றுக்கு வெப்ப இயக்கவியல் விதிகள் அப்படியே செல்லும். இரண்டாவது, கணக்கு உறவு: கோடிக்கணக்கான மூலக்கூறுகளை எண்ணும் அதே கணிதத்தைக் கொண்டு கோடிக்கணக்கான மனிதர்களின் கொடுக்கல் வாங்கலையும் எண்ணலாம். மூன்றாவது வெறும் உவமை. உவமையை எடுத்துக்கொண்டு நேரடி உறவு போலப் பேசும்போதுதான் தப்பு நடக்கிறது.

வெப்ப இயக்கவியல் என்றால் என்ன என்று முதலில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். வெப்பம் எப்படி நகர்கிறது, அதிலிருந்து எவ்வளவு வேலை வாங்க முடியும், எவ்வளவு வாங்க முடியாது என்று சொல்லும் இயற்பியல் பிரிவு அது. நீராவி எந்திரங்களில் நிலக்கரி ஏன் இவ்வளவு வீணாகிறது என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்து பிறந்தது. 1824-ல் அந்தக் கேள்வியைச் சரியான வடிவில் முதலில் கேட்டவர் பிரான்ஸின் சாடி கார்னோ. ஆக, பிறக்கும்போதே அதற்குச் சிக்கனத்தோடு தொடர்பு இருந்தது.

முதல் விதி: வரவு செலவு நேராகும்

ஆற்றலைப் புதிதாக உருவாக்க முடியாது, அழிக்கவும் முடியாது, உருமாற்ற மட்டுமே முடியும். இதுதான் முதல் விதி.

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள எரிவாயு முழுவதையும் எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நல்ல அடுப்பில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்துக்குப் போகும். மிச்சம் சமையலறைக் காற்றுக்கும், அடுப்பின் இரும்புக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் போகும். எல்லாவற்றையும் கூட்டினால் 180 வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ அளக்கத் தவறிவிட்டோம் என்று அர்த்தம்.

இது கணக்குப் பிள்ளைக்குப் பழக்கமான வேலை. பற்று ஒருபக்கம், வரவு ஒருபக்கம், இரண்டும் நேராக வேண்டும். இந்த ஒற்றுமையைப் பார்த்துதான் "பணமும் ஆற்றலும் ஒன்று" என்ற எண்ணம் பிறக்கிறது. இரண்டு பேருக்கு நடுவே கைமாறும்போது பணம் உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொள்கிறது: நீங்கள் கடைக்காரரிடம் 50 ரூபாய் கொடுத்தால் உங்களிடம் 50 குறையும், அவரிடம் 50 கூடும்.

வங்கிக்குள் நுழைந்ததும் இந்த ஒற்றுமை உடைந்துவிடுகிறது. ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் கடன் கொடுக்கும்போது வங்கி இன்னொருவர் கணக்கிலிருந்து அந்தப் பணத்தை எடுப்பதில்லை. கடன் வாங்கியவரின் கணக்கில் 5 லட்சம் வரவு வைக்கிறது, தன் ஏட்டில் "வரவேண்டிய கடன் 5 லட்சம்" என்று இன்னொரு பக்கம் எழுதுகிறது. ஏடு நேராகிவிட்டது. ஆனால் சற்றுமுன் எங்கும் இல்லாத 5 லட்சம் வைப்புத்தொகை இப்போது இருக்கிறது. கடனை அடைத்ததும் அந்தப் பணம் மறைந்தும் போகிறது. மூலதன விதிகளும், ரிசர்வ் வங்கி வைக்கச் சொல்லும் கையிருப்பும், கடன் வாங்க ஆள் கிடைப்பதும் இதற்கு எல்லை போடுகின்றன. இயற்கை விதி எதுவும் எல்லை போடவில்லை.

1921-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஃபிரெடரிக் சாடி, பிறகு பொருளாதாரத்தின் பக்கம் திரும்பி 1926-ல் எழுதியது இந்த இடைவெளியைப் பற்றித்தான். 100 ரூபாய்க் கடன் 10 சதவீதக் கூட்டு வட்டியில் பத்து ஆண்டில் 259 ரூபாயாகும், ஐம்பது ஆண்டில் 11,739 ரூபாயாகும். அந்தக் கடனில் வாங்கிய பம்புசெட் அதே ஐம்பது ஆண்டில் துருப்பிடித்து எடைக்குப் போயிருக்கும். கடன் கணித விதிப்படி வளர்கிறது, பொருள் இயற்பியல் விதிப்படி தேய்கிறது. ஃபிரெடரிக் சாடியின் தீர்வுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. அவர் சுட்டிக்காட்டிய முரண் மட்டும் இன்றுவரை தள்ள முடியாதது.

இதுவரை பார்த்ததைச் சொன்னால்: ஆற்றல் எப்போதும் காக்கப்படுகிறது. பணம் கைமாறும்போது மட்டும் காக்கப்படுகிறது, கடனில் பிறக்கிறது, கடன் அடையும்போது மறைகிறது. "பணம் என்பது ஆற்றல்" என்ற வாக்கியம் இங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டாம் விதி: ஆறிப்போன காப்பி

ஒரு டம்ளர் காப்பி, 150 மில்லி, 80 டிகிரி சூட்டில் மேசைமேல் இருக்கிறது. அரை மணிக்கு மேல் கவனிக்காமல் விட்டுவிட்டால் 30 டிகிரிக்கு ஆறிவிடும். அது இழந்த வெப்பம் சுமார் 7,500 கலோரி. முதல் விதிப்படி அந்த வெப்பம் எங்கும் அழிந்துவிடவில்லை, அறைக்குள்தான் இருக்கிறது. சின்ன அறை என்றால், 36 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அறைக்காற்றின் சூட்டை முக்கால் டிகிரி அளவுக்கு உயர்த்தியிருக்கும்.

அந்த வெப்பத்தைத் திரும்பப் பொறுக்கி டம்ளருக்குள் போட முடியுமா? அதே அளவு ஆற்றல் அறையில் இருக்கிறது, ஆனாலும் காப்பி தானாகச் சூடேறுவதை யாரும் பார்த்ததில்லை. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும், எதிர்ப்பக்கம் தானாகப் போகாது. இது இரண்டாம் விதியின் எளிய வடிவம்.

அளவு குறையவில்லை, தரம் குறைந்துவிட்டது. ஓரிடத்தில் குவிந்திருந்த வெப்பம் பரவிவிட்டது, பரவிய பிறகு அதனால் பயனில்லை. சாம்பாரில் போட்ட உப்பும் இப்படித்தான். போட ஒரு நொடி போதும். கூடிப்போய்விட்டால் தண்ணீர் விடலாம், உருளைக்கிழங்கு போடலாம், உப்பை மட்டும் தனியாக எடுக்க முடியாது.

இந்தப் பரவலை அளக்கும் கணியத்துக்கு என்ட்ரோபி என்று 1865-ல் பெயர் வைத்தவர் ஜெர்மன் இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ். வெளியே எதனோடும் தொடர்பில்லாத ஓர் அமைப்பில் என்ட்ரோபி குறைவதில்லை.

என்ட்ரோபி என்பது எண்ணிக்கை

என்ட்ரோபியை "ஒழுங்கின்மை" என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அந்தச் சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒழுங்கு என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. என்ட்ரோபி ஓர் எண்ணிக்கையிலிருந்து வருகிறது. ஒரு நிலை எத்தனை வழிகளில் அமையலாம் என்பதே அந்த எண்ணிக்கை. வியன்னாவில் இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மனின் கல்லறையில் பொறித்திருக்கும் சூத்திரம் சொல்வதும் இதைத்தான்: வழிகள் கூடக் கூட என்ட்ரோபி கூடும்.

காகிதம் எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று. கண்ணன், மாலா, சலீம் என்று மூன்று பேர். மொத்தம் மூன்று ஒரு ரூபாய் நாணயங்கள். நாணயங்கள் அவர்களிடம் எத்தனை வழிகளில் இருக்கலாம்?

ஆளுக்கு ஒன்று: இதற்கு ஒரே வழி.
ஒருவரிடமே மூன்றும்: அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுத்து மூன்று வழிகள்.
ஒருவரிடம் இரண்டு, ஒருவரிடம் ஒன்று, ஒருவரிடம் ஒன்றுமில்லை: ஆறு வழிகள்.

மொத்தம் பத்து. இப்போது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு சுற்றிலும் குருட்டாம்போக்கில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முதலாமவர் இரண்டாமவருக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டும். கையில் இல்லாதவர் கொடுக்க வேண்டாம், கடனும் கிடையாது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பேறியில்லை, யாரும் கெட்டிக்காரருமில்லை. நெடுநேரம் ஆடினால் இந்தப் பத்து நிலைகளும் சம அளவில் வந்துபோகும்.

பத்து நிலை, நிலைக்கு மூன்று பேர், ஆக முப்பது கட்டங்கள். எண்ணிப் பார்த்தால் 12 கட்டங்களில் கை காலி, 9-ல் ஒரு ரூபாய், 6-ல் இரண்டு ரூபாய், 3-ல் மூன்று ரூபாய். அதாவது 40, 30, 20, 10 சதவீதம். எல்லோரும் சமமாகத் தொடங்கினார்கள், விதியும் சமம். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பார்த்தால் காலிக் கைதான் மிக அதிகம்.

ஆட்களும் நாணயங்களும் பெருகினால் இந்த இறங்குமுகம் இன்னும் துல்லியமான ஒரு வளைகோடாக மாறும். வாயு மூலக்கூறுகளுக்குள் ஆற்றல் பங்கிடப்படுவதை விளக்கப் போல்ட்ஸ்மன் பயன்படுத்திய அதே அடுக்குக்குறி வளைகோடு, அதாவது ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் இறங்கும் கோடு, அது. அந்த நிலையில் 63 சதவீதம் பேரிடம் சராசரிக்கும் குறைவான பணம் இருக்கும். கீழ்ப்பாதி மக்களிடம் மொத்தப் பணத்தில் 15 சதவீதம். மேலே உள்ள பத்து சதவீதத்தினரிடம் 33 சதவீதம். வாயுவில் வெப்பநிலைக்கு இருக்கும் இடம், இங்கே ஆள் ஒன்றுக்கான சராசரிப் பணத்துக்கு.

2000-ஆம் ஆண்டில் இந்தக் கணக்கைப் பணத்துக்கு முறையாகப் பொருத்திக் காட்டியவர்கள் இயற்பியலாளர்கள் டிராகுலெஸ்கு, யாகோவென்கோ இருவரும். பின்னர் அமெரிக்க வரித் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, மிகப் பெரும்பான்மையோரின் வருமானம் இந்த அடுக்குக்குறிக் கோட்டை ஒட்டி அமைந்திருந்தது. மேலே உள்ள சில சதவீதத்தினர் மட்டும் முற்றிலும் வேறொரு கோட்டில் இருந்தார்கள். அவர்களுடைய வருமானம் பெரும்பாலும் முதலீட்டிலிருந்து வருவது, பெருக்கல் கணக்கில் வளர்வது. நாணயம் கைமாறும் விளையாட்டு அவர்களை விளக்காது.

"அப்படியானால் ஏற்றத்தாழ்வு இயற்கை விதி"

இல்லை. இந்த முடிவுக்குத் தாவுகிறவர்கள் விளையாட்டின் விதியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். விதியை மாற்றிப் பார்ப்போம்.

இம்முறை ஒரு ரூபாய்க்குப் பதில், இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் பணத்தில் 20 சதவீதத்தைப் பணயமாக வைத்து நாணயம் சுண்டுகிறார்கள். தலையா பூவா, இருவருக்கும் சம வாய்ப்பு. இருவரும் 100 ரூபாயுடன் தொடங்குகிறார்கள். மாலா முதலில் தோற்கிறார்: 80. கண்ணனிடம் 120. அடுத்த பணயம் 80-ல் 20 சதவீதம், அதாவது 16. இப்போது மாலா ஜெயித்தாலும் கைக்கு வருவது 96தான், 100 இல்லை. தோற்றது 20, மீட்டது 16. முதலில் சறுக்கியவருக்கு மேலேறும் படி சிறியதாகிவிடுகிறது. இதையே ஆயிரம் பேர் விடாமல் ஆடினால் கிட்டத்தட்ட முழுப் பணமும் ஒருவரிடம் போய்ச் சேரும். நாணயத்தில் எந்த மோசடியும் இல்லை.

மூன்றாவது விதி: மேலே சொன்ன ஆட்டத்திலேயே, அவ்வப்போது எல்லோரிடமும் கையிருப்பில் ஒரு பங்கை வரியாக எடுத்து அனைவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால், குவிதல் நின்று நடுவில் தடித்த ஒரு பங்கீடு நிலைபெறும்.

ஒரே கணிதம், மூன்று விதி, மூன்று சமூகங்கள். மூலக்கூறுகளுக்கு விதியை இயற்கை எழுதியது. வரி, வட்டி, வாரிசுரிமை, கூலி ஆகியவற்றின் விதிகளை மனிதர்கள் எழுதுகிறார்கள். இந்தக் கணக்கு முறையின் பெரும் பயனே, விதியைச் சற்று நகர்த்தினால் விளைவு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிக் காட்டுவதுதான். இருக்கிற நிலையை நியாயப்படுத்த அதைப் பிடித்து இழுப்பது கணக்குக்குச் செய்யும் அநியாயம்.

வேறுபாடு இருந்தால்தான் வேலை நடக்கும்

கார்னோவுக்குத் திரும்புவோம். வெப்பம் இருந்தால் மட்டும் எந்திரம் ஓடாது, வெப்ப வேறுபாடு வேண்டும் என்று கண்டவர் அவர். சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு வேலை வாங்கலாம். எடுத்த வெப்பத்தில் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்ற விகிதத்துக்குப் பயனுறுதிறன் என்று பெயர்.

அனல் மின்நிலையத்தில் நீராவி 540 டிகிரி, குளிர்விக்கும் பக்கம் 40 டிகிரி என்று வைத்தால், கார்னோ கணக்குப்படி உச்சவரம்பு சுமார் 61 சதவீதம். எந்தப் பொறியாளராலும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் அந்த 61-ஐ எட்ட வேண்டுமானால் எந்திரம் முடிவில்லாத அளவு மெதுவாக ஓட வேண்டும், அப்போது மின்சாரம் வராது. "அதிகபட்ச வேகத்தில் வேலை வேண்டும்" என்று கேட்டால் வரம்பு எவ்வளவு குறையும் என்று 1975-ல் கர்சன், ஆல்போர்ன் இருவரும் கணக்கிட்டார்கள். அவர்கள் சூத்திரத்தில் இதே வெப்பநிலைகளைப் போட்டால் 38 சதவீதம் வருகிறது. பல அனல் மின்நிலையங்கள் உண்மையில் ஓடுவது அந்த அளவை ஒட்டித்தான்.

வியாபாரத்தில் இதற்கு இணையானது விலை வேறுபாடு. தோட்டத்தில் தக்காளி கிலோ 10 ரூபாய், நகரச் சந்தையில் 30 என்றால் லாரி கிளம்பும். எல்லா இடத்திலும் 20 என்றால் லாரி கிளம்பாது, எத்தனை டன் தக்காளி இருந்தாலும் சரி. சரக்கு போகப் போக இங்கே விலை ஏறும், அங்கே இறங்கும், வேறுபாடு போக்குவரத்துச் செலவை எட்டியதும் ஓட்டம் நிற்கும். வேகத்துக்கும் லாபத்துக்கும் உள்ள இழுபறியும் அதேதான்: நல்ல விலை வரும்வரை காத்திருந்தால் கிலோவுக்கு லாபம் கூடும், சரக்கு அழுகும். உடனே தள்ளினால் லாபம் குறையும், பணம் சுழலும்.

இது எங்கே பொய்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வெப்ப வேறுபாடு தானாகக் கூடுவதில்லை. விலை கூடும். தங்கமோ மனையோ பங்கோ ஏறத் தொடங்கினால், "இன்னும் ஏறும்" என்று நினைத்து மேலும் பேர் வாங்க வருவார்கள், அதனாலேயே இன்னும் ஏறும். மூலக்கூறுக்கு நேற்றைய நினைவும் இல்லை, நாளைய பயமும் இல்லை. மனிதருக்கு இரண்டும் உண்டு.

சமநிலை என்ற ஒரே சொல், இரண்டு பொருள்

"சந்தை தானே சமநிலைக்கு வரும்" என்பதில் உள்ள சமநிலை எது?

இயற்பியலில் சமநிலை என்பது ஆறிப்போன காப்பி. வேறுபாடு எல்லாம் தீர்ந்து, மொத்தத்தில் எந்தப் பக்கமும் எதுவும் நகராத நிலை. ஓர் உயிரின் உடல் சூழலோடு அந்தச் சமநிலையை அடைந்தால் அதற்குப் பெயர் மரணம். பொருளாதாரத்தில் சமநிலை என்றால் கேட்பும் அளிப்பும் பொருந்தும் விலை. அங்கே சரக்கு தினமும் நகர்ந்துகொண்டே இருக்கும். இது மேல்நிலைத் தொட்டி மாதிரி: மேலே மோட்டார் நீர் ஏற்றுகிறது, கீழே குழாய் திறந்திருக்கிறது, வருவதும் போவதும் சமமானால் மட்டம் மாறாமல் நிற்கும். இதற்கு நிலைத்த ஓட்டம் என்று பெயர். மோட்டாரை நிறுத்தினால் மட்டம் இறங்கிவிடும்.

தொட்டி உவமை தற்செயலானதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் வெப்ப இயக்கவியலின் பெரும் மேதை வில்லர்ட் கிப்ஸிடம் படித்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர், தன் முனைவர் பட்ட ஆய்வில் சந்தை விலைகள் எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்று காட்ட ஒரு நீர்த்தொட்டிக் கருவியை வடிவமைத்தார். 1893-ல் அதைக் கட்டியும் காட்டினார். தொட்டிகளும் நெம்புகோல்களும் நிறைந்த அந்தக் கருவியில் ஓரிடத்தில் நீரைக் கூட்டினால் மற்ற மட்டங்கள் எல்லாம் தாமாக இடம் மாறி நிற்கும். 1949-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் நியூசிலாந்துக்காரரான பில் ஃபிலிப்ஸ் ஆளுயரத்துக்கு மேலான இன்னொரு கருவி செய்தார். அதில் வண்ண நீர் ஓடியது: வரிக்கு ஒரு குழாய், சேமிப்புக்கு ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று. அடைப்பைத் திருகினால் வரி கூடும், கீழே வருமானத் தொட்டியில் மட்டம் இறங்கும். மாணவர்களுக்குப் புரியவைக்க அதைவிட நல்ல சாதனம் அன்று இல்லை.

ஃபிஷரின் வாழ்க்கையே அந்த நீர்த்தொட்டியின் எல்லையையும் காட்டியது. 1929 அக்டோபரில், பங்கு விலைகள் நிரந்தரமான உயர்ந்த மட்டத்தை எட்டிவிட்டதாகத் தெரிகிறது என்று சொன்னார். சில நாட்களில் நியூயார்க் சந்தை சரிந்தது, தன் செல்வத்தையும் இழந்தார். 1933-ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், கடன்சுமையும் விலைச்சரிவும் சேர்ந்துகொண்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் கடனடைக்க முயல்வதே கடனின் சுமையை அதிகமாக்கிவிடும் என்று காட்டினார். கப்பல் ஓரளவு சாய்ந்தால் நிமிரும், ஓர் எல்லைக்கு மேல் சாய்ந்தால் நிமிராமல் கவிழும் என்ற ஒப்பீடும் அதில் உண்டு. தன் கருவி விளக்காததைத் தானே எழுதிவைத்த அந்த நேர்மைக்காகவே அவரைப் படிக்கலாம்.

சமநிலை என்ற சொல்லைக் கேட்டால், இவற்றில் எது என்று கேளுங்கள்: ஆறிய காப்பியா, மட்டம் மாறாத தொட்டியா, கவிழும் எல்லையில் உள்ள கப்பலா?

நேரடி உறவு: காயலான் கடையும் கடல்நீரும்

உவமைகளை விட்டுவிட்டு விதிகள் அப்படியே பொருந்தும் இடத்துக்கு வருவோம். ருமேனியாவில் பிறந்த பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் 1971-ல் விரிவாக வாதிட்டது இதைத்தான்: பொருளாதாரம் என்பது குவிந்து கிடக்கும் வளத்தை எடுத்து, பயன்படுத்தி, சிதறலாக வெளியே தள்ளும் வேலை.

காயலான் கடைக்குப் போனால் இதை விலைப்பட்டியலாகவே பார்க்கலாம். உரித்த செம்புக் கம்பிக்கு நல்ல விலை. பிளாஸ்டிக் உறையோடு உள்ள ஒயருக்கு அதைவிடக் குறைவு. செம்பும் இரும்பும் பிளாஸ்டிக்கும் கலந்த பழைய மோட்டாருக்கு இன்னும் குறைவு. சிப்ஸ் பாக்கெட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது, அதிலும் அலுமினியம் இருக்கிறது என்றாலும். பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும் அலுமினியத்தைப் பிரிக்க ஆகும் செலவு, கிடைக்கும் அலுமினியத்தைவிடப் பல மடங்கு. கடைக்காரர் என்ட்ரோபி என்ற சொல்லைக் கேட்டிருக்க வேண்டியதில்லை, அவர் கொடுக்கும் விலையிலேயே அது கழிந்துவிடுகிறது. தனியாக உள்ள பழைய அலுமினியப் பாத்திரத்தை உருக்கி மறுபடி வார்க்க, தாதுவிலிருந்து எடுப்பதில் சுமார் 5 சதவீத ஆற்றல் போதும். குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்பதன் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு ஒப்பீட்டில் இருக்கிறது.

இன்னொரு எடுத்துக்காட்டு, இது எண்களோடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கலந்த உப்பைப் பிரிக்க ஆற்றல் வேண்டும் என்று இரண்டாம் விதி சொல்கிறது, குறைந்தபட்சம் எவ்வளவு என்றும் சொல்கிறது. எடுத்த கடல்நீரில் பாதியை நன்னீராக்கினால், 1,000 லிட்டர் நன்னீருக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம். இது சவ்வின் தரத்தையோ கம்பெனியின் திறமையையோ பொறுத்ததல்ல, கடலின் உப்பைப் பொறுத்தது. எதிர் சவ்வூடு பரவல் முறையில், அதாவது அழுத்தத்தால் நீரை மட்டும் சவ்வு வழியே தள்ளும் முறையில், இன்றைய நல்ல ஆலைகளுக்கு 3 முதல் 4 யூனிட் ஆகிறது. சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ளவை போன்ற, நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஓர் ஆலைக்கு, 1,000 லிட்டருக்கு 3.5 யூனிட் என்று வைத்தால் தினமும் 3.5 லட்சம் யூனிட்.

யூனிட் 7 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு மின்செலவு மட்டும் 24 ரூபாய் 50 காசு. தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினாலும் அது 7 ரூபாய்க்குக் கீழே இறங்காது. போட்டி, மானியம், புதிய கண்டுபிடிப்பு எதுவும் அந்தத் தரையை உடைக்காது. மானியம் செலவை இன்னொருவர் தலையில் வைக்கும், அவ்வளவுதான். "அரை யூனிட்டில் கடல்நீரைக் குடிநீராக்குவோம்" என்று இதே அளவு நீர் மீட்புக்கு யாராவது முதலீடு கேட்டால், திட்ட அறிக்கையைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை.

திறன் கூடினால் பயன்பாடு குறையும் என்றும் நம்பிவிடக் கூடாது. 1865-ல், என்ட்ரோபிக்குப் பெயர் கிடைத்த அதே ஆண்டில், பிரிட்டனின் பொருளாதார அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக நாட்டின் நிலக்கரிச் செலவு கூடிக்கொண்டே போனது. மலிவானதால் புதுப்புது இடங்களில் எந்திரம் வைத்தார்கள். இயற்பியல் ஓர் எந்திரத்தின் வரம்பைச் சொல்லும். எத்தனை எந்திரம் வைப்போம் என்பது பொருளாதாரம் சொல்ல வேண்டியது.

பூமி மூடிய பெட்டியா?

"என்ட்ரோபி கூடும், ஆகவே வளர்ச்சி நின்றே தீரும்" என்ற வாதத்தில் விட்டுப்போன ஒரு சொல் உண்டு: வெளியே தொடர்பில்லாத அமைப்பு. பூமி அப்படிப்பட்டதல்ல. சூரியனிலிருந்து பூமிக்கு வந்துசேரும் ஆற்றல், மனிதகுலம் இன்று பயன்படுத்தும் ஆற்றலைப் போலப் பல ஆயிரம் மடங்கு. தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிப்பது அந்த ஆற்றல்தான், மின்கட்டணமே இல்லாமல். பொருள் விஷயத்தில் மட்டும் பூமி கிட்டத்தட்ட மூடியது: செம்பு வெளியிலிருந்து வருவதில்லை. சிதறிய செம்பை முழுவதும் திரும்பச் சேர்க்கவே முடியாது என்றார் ஜார்ஜெஸ்கு-ரோகன். போதிய ஆற்றல் இருந்தால் சேர்க்கலாம், இயற்பியல் அதைத் தடுக்கவில்லை என்பது அவருக்கு வந்த மறுப்பு. மறுப்பே சரி. அவர் சொன்ன எச்சரிக்கை அதனால் லேசாகிவிடவில்லை, ஏனெனில் சிதற விடச் செலவில்லை, சேர்க்கத்தான் செலவு.

சூடாகிவிட்ட பொருளாதாரம்

செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு சொற்றொடரை வைத்து இதுவரை படித்ததைச் சோதித்துப் பார்க்கலாம். "பொருளாதாரம் அதிகம் சூடாகிவிட்டது, வட்டியை உயர்த்திக் குளிர்விக்க வேண்டும்." மூன்று கேள்விகள் கேட்போம். எது காக்கப்படுகிறது? பணம் காக்கப்படுவதில்லை, வட்டியை உயர்த்துவதே புதுக்கடன் பிறப்பதைக் குறைக்கத்தான். எதை எண்ணுகிறோம்? விலைவாசி உயர்வை, அது வழிகளின் எண்ணிக்கை இல்லை. எந்த வெப்பமானி? நாணய விளையாட்டில் வெப்பநிலை என்பது ஆளுக்கான சராசரிப் பணம். மத்திய வங்கி பார்ப்பது அதையல்ல, விலைக் குறியீட்டெண்ணையும் வேலைவாய்ப்பையும். ஆக, இது மூன்றாவது வகை, வெறும் உவமை. பேச்சுக்கு வசதியானது. அடுத்த வரியில் யாராவது "எனவே இரண்டாம் விதிப்படி" என்று தொடங்கினால், அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.